தொட்டால்தான் விழிக்கும் தராசு

அன்பு மாப்ள முகமது ரஃபீக்குக்கு,

திண்டுக்கல்லிலிருந்து மச்சான் யாசின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா ஷாஹினாவும் நலம். வெயில் எங்களைவிட நலம். பெங்களூரில் நீயும் நலமாக இருப்பாய். நீ செய்தனுப்பிய சர்க்யூட் போர்டுதான் நலமாக இல்லை. போனில் சொன்னால் சிரித்தே சமாளித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

சிறுமலையில் மிளகு போட்டிருக்கும் இஞ்ஞாசியம்மாளுக்கு உன் போர்டு வைத்த எலக்ட்ரானிக் தராசை விற்றேன் அல்லவா? வியாபாரி பேச்சிமுத்துவின் தராசில் மூட்டைக்கு ரெண்டு கிலோ ஆவியாகிறது என்று, என்னை நம்பி வாங்கியவர். நம் தராசோ பேச்சிமுத்து வருகிற விடிகாலைக் குளிரில் மட்டும் கண்ணைத் திறப்பதில்லை. மறுபடி அவன் தராசு, மறுபடி நஷ்டம். மலை பஸ்ஸில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்தால் நம்மூர் வெயிலில் நல்ல பிள்ளையாக நம்பர் எரிகிறது! "நான் என்ன பொய்யா சொல்றேன் தம்பி?" என்று அந்தம்மா கேட்கிறார். உன்னைக் கேட்டால், "மச்சான், போர்டுல எடைக்கெல்லாம் அளவா நிக்கிற வோல்டேஜ் ஒண்ணு இருக்கு. எந்திரிச்சிட்டா ஆடாம நிக்கும். எந்திரிக்காட்டி பூஜ்யத்துலயே சொகமா கெடக்கும். குளிர்ல மொதத் தள்ளு பத்தல" என்கிறாய். காலையில் உன் அக்கா எழுப்பும்போது நானும் இதைத்தான் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

சரியென்று மலையிலேயே தங்கி, விடிந்ததும் தராசைத் திறந்து, கோளாறைப் பிடிக்க மல்டிமீட்டர் ஊசியை ஒரு முனையில் வைத்தேன். பட்டென்று எரிந்தது! அணைத்துப் போட்டால் செத்தது; தொட்டால் எழுந்தது. நோய் பார்க்கப் போனவன் கைபட்டதுமே நோய் ஓடிப்போனால், எதைப்பா பார்க்குறது? தினமும் போய்த் தொட எனக்கென்ன வேற வேலை இல்லையா, பஸ்ஸுதான் இருக்கா? அந்தம்மாவிடம் இடத்தைக் காட்டி, ஒரு ஊக்கைக் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். நம்புனவங்களுக்கு ஊக்கா குடுக்குறது? வெக்கமா இருக்கு மாப்ள. தள்ளு பத்துற மாதிரி புதுப் போர்டு உடனே அனுப்பு.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் உன் போர்டுக்குச் சுறுசுறுப்பும் தரட்டும்.

இப்படிக்கு,
மச்சான் முகமது யாசின்

பி.கு: உறையை ஒட்டும்போது இஞ்ஞாசியம்மாள் போன். "தம்பி, பேச்சிமுத்து வந்தான். தராசு எந்திரிக்கலையேன்னு கேலி பண்ணுனான். ஊக்கைக் குடுத்து, நீயே தொடுன்னேன். எங்கெங்கயோ தொட்டான், அசையல. நான் தொட்டேன், எந்திரிச்சிருச்சு. களவு கைக்கு இது எந்திரிக்காதாம்ல, சுத்தி நின்ன சனம் பேசுது! கடைசியில என் தராசுலயே நிறுத்து எடுத்துட்டுப் போனான்." பக்கத்துத் தோட்டக்காரர்கள் ரெண்டு பேர் கேட்கிறார்களாம். ஆகவே மாப்ள, புதுப் போர்டு வேண்டாம். பழையதிலேயே ரெண்டு அனுப்பு. கோளாறு மட்டும் துளியும் குறையக் கூடாது.