எருமை குறுக்கே வந்த வழக்கு

உலகத்தில் எத்தனையோ பேர் அப்பா சொன்னதால் வக்கீலானார்கள், மாமனார் சொன்னதால் வக்கீலானார்கள். ஒரு எருமையால் வக்கீலானவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரிடம் நான் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன்.

கலிபோர்னியாவில், டப்ளினில், ஒரு தோசைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் அவருடைய இமிக்ரேஷன் ஆபீஸ். போர்டில் கௌரவமாக ஒரு பெயர் இருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "கிரீன் கார்டு பிரச்னையா? எருமை வக்கீலைப் பாருங்க" என்றுதான் ஊரே வழி சொல்லும்.

கதை இதுதான். சென்னையில் இவர் படித்த இன்ஜினீயரிங் காலேஜில் படகுப் போட்டிக்கு டீம் ஆரம்பித்தபோது, முதல் செட்டில் துடுப்புப் பிடித்தவர். அடையாற்றில் மெடிக்கல் காலேஜோடு ஃபைனல். படகில் நாலு பேர் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். ஐந்தாவதாக ஒல்லியான ஒருவன் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்து வழி சொல்வான். அவனுக்கு காக்ஸ் என்று பெயர். இவர்கள் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நின்றது. "எருமைடா! குறுக்கே எருமை!" என்று காக்ஸ் கத்தினான். மறுபடி கிளம்புவதற்குள் டாக்டர் பையன்கள் அரைப் படகு நீளத்தில் ஜெயித்துவிட்டார்கள். எருமை வந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று நடுவர்கள் அப்பீலைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று வந்த கோபத்தில்தான் அமெரிக்கா வந்து சட்டம் படித்தாராம். வருஷா வருஷம் போட்டி நடத்தியவர்களுக்கு மறுபரிசீலனை மனு போகும். நானே ஆறு மனு டைப் அடித்திருக்கிறேன்.

"பதிலே வரலையே சார்?"

"மறுக்கலேன்னு அர்த்தம்மா. அடுத்த வருஷம் இன்னும் ஸ்ட்ராங்கா எழுதுவோம்."

விசா முடிய மூன்று வாரம் இருக்கிறது என்று பதறிக்கொண்டு ஓடிவருகிறவரை எதிரே உட்காரவைத்து, "உங்க கேஸ் ஒண்ணுமே இல்ல. என் கேஸைக் கேளுங்க" என்று ஆரம்பிப்பார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும் மனுஷர் தன் விசாவை மறந்து, "பாவங்க உங்க சார்" என்று என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்.

ஒருமுறை எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நீங்கதான் முதுகைக் காட்டி உக்காந்திருந்தீங்களே. எருமையை எப்படிப் பாத்தீங்க?"

"படகுல திரும்பிப் பாக்குறது தப்பும்மா."

"அப்ப பாக்கவே இல்லையா?"

இரண்டு நாள் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

வார இறுதிகளில் ஏரியில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்தான் கோச். பிள்ளைகள் படகைப் பார்க்கும். கரையில் நிற்கும் பெற்றோர் படகுக்குள் நல்ல காலேஜ் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு அம்மா நேராகவே வந்து கேட்டார்: "சார், காலேஜ் அப்ளிகேஷன்ல போடணும். என் பையனை கேப்டன் சீட்ல உக்கார வைங்க."

"எல்லா சீட்டும் ஒரே மாதிரிதாம்மா வலிக்கும். எதுல வேணா உக்காரட்டும்" என்றார்.

அவர் பயிற்சியில் விசேஷமான ஒன்று உண்டு. பிள்ளைகள் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போடும்போது மெகாஃபோனில் "எருமை!" என்று கத்துவார். அடுத்த நொடி படகு அசையாமல் நிற்க வேண்டும். தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைகளெல்லாம் இந்த ஒரு வார்த்தையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டன. பிள்ளைகளை எருமை என்று திட்டுகிறார் என்று நாலு பெற்றோர் சேர்ந்து புகார் எழுதினார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் பிள்ளைகளை அதைவிட மோசமாகத் திட்டுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பயிற்சிக்கும் ஒரு நாள் வேலை வந்தது. ஒரு போட்டியில், மிதவைப் பலகைமேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி குறுக்கே வந்துவிட்டார். எங்கள் படகு ஆணியடித்த மாதிரி நின்றது. அவர் கீறல்கூட இல்லாமல் போனார். எங்களுக்குக் கடைசி இடம். "கோச், எருமை பெர்ஃபெக்ட்!" என்று பிள்ளைகள் குதித்தன. கோச் அங்கேயே காரின் பானெட்டில் பேப்பரை வைத்து அப்பீல் எழுத ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சான் ரமோனிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் கிரீன் கார்டுக்காக அவரை அழைத்துவந்தாள். ரிட்டயரான டாக்டர், மனைவி இல்லை. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போனால் நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். சுவரில் மாட்டியிருந்த பழைய படகு போட்டோவை அவர் எழுந்துபோய்ப் பார்த்தார்.

"அடையாறுதானே இது? அன்னிக்கு எதிர் படகுல காக்ஸ் நான்தான்."

வக்கீல் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. அவருடைய காக்ஸ் காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. அன்று முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருப்பது இந்த ஒரு ஆள்தான். நாற்பத்தைந்து வருஷ வழக்குக்குச் சாட்சி, தானாக நடந்து வந்திருக்கிறது.

"ஒரே கேள்வி டாக்டர். எருமை?"

டாக்டர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அந்த ஆத்துல... எருமை நிறைய இருக்கும்."

"போதும்! சனிக்கிழமை அஃபிடவிட்டோட வாங்க. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

நோட்டரி நான்தான். என் முன்னால் நேரில் வந்து கையைத் தூக்கிச் சத்தியம் செய்தால்தான் முத்திரை குத்துவேன். டாக்டரை வாசல் வரை வழியனுப்பப் போனேன். மகள் காரை எடுக்கப் போயிருந்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, எருமையே இல்ல. அந்தப் பையன் படகைச் சேத்துல ஏத்திட்டான். என் கண்ணால பாத்தேன். ஒரு எருமையை நம்பி ஒரு மனுஷன் வாழ்க்கையே நடத்தியிருக்கார். எப்படிம்மா சொல்றது? பொய்ச் சத்தியமும் என்னால முடியாது."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

சனிக்கிழமை டாக்டர் கொண்டுவந்த அஃபிடவிட்டில், 'அன்றைய தினம் ஆற்றில் எருமைகள் இருந்திருக்க வாய்ப்புண்டு' என்றிருந்தது. வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கொம்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சுன்னு இல்லையே. திருத்தி அடுத்த சனிக்கிழமை கொண்டாங்க."

இருவரும் பக்கத்தில் தோசை சாப்பிடப் போனார்கள். இரண்டு மணி நேரம் சண்டை. "நீங்க தோத்தீங்க ஓய்!" என்று டாக்டர் கத்துவது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. அடுத்த வாரம் காற்றின் திசை இல்லை என்று திரும்பியது. அதற்கடுத்த வாரம் ஆற்றின் ஆழம். நடுவில் டாக்டருக்கு கிரீன் கார்டே வந்துவிட்டது, அஃபிடவிட் மட்டும் முடியவில்லை. மகள் எனக்கு போன் செய்தாள்: "அக்கா, அப்பா வெள்ளிக்கிழமையே சட்டை அயர்ன் பண்ணி வச்சிடுறார். உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் நடக்குது?"

நாற்பதாவது முறை எருமையின் வால் நீளம் இல்லை என்று திருப்பி அனுப்பியபோது என் பொறுமை போய்விட்டது. டாக்டர் தோசைக் கடைக்கு முன்னதாகவே போய்விட்டார்.

"சார், போதும் சார். அந்த எருமை வந்து..."

"வரவே இல்ல. தெரியும்மா."

அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"துடுப்பு நுனியெல்லாம் சேறு. மத்தவங்க பாக்குறதுக்குள்ள நாலையும் நான்தான் கழுவினேன். காக்ஸ் என் ரூம்மேட். பதினேழு வயசு. அழுதுட்டே எருமைடான்னான். ஹாஸ்டல்ல அவனை உரிச்சிருப்பாங்க. சரி, எருமைதான்னு நானும் கத்திட்டேன்."

"அதுக்காக நாப்பத்தஞ்சு வருஷமா மனு போடுவாங்களா?"

"வாபஸ் வாங்கினா ஏன்னு கேப்பாங்களேம்மா?" என்றவர், கதவருகே போய்த் திரும்பினார். "எனக்குத் தெரியும்னு டாக்டர்கிட்ட சொல்லிடாதே. அப்புறம் சனிக்கிழமை எதுக்கு வருவார்?"

ஆறு வருஷமாக அவரை நான் எப்படியெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் போனபிறகு ரெஸ்ட்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு என் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து சுகர் லேண்டுக்கு வந்துவிட்டோம். போன சனிக்கிழமை சாருக்கு போன் போட்டேன். பின்னால் தோசைக் கடைச் சத்தமும் டாக்டரின் குரலும் கேட்டன.

"இந்த வாரம் என்ன குறை சார்?"

"எருமைக்கு வயசு போடலைம்மா. எப்படி ஏத்துக்கறது?"

"ஏத்துக்காதீங்க சார்" என்றேன். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு பிடிக்கும்.