வாக்கியம் முடியும்வரை சம்பந்தி கொலையாளி

அன்பு மகளுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மாடி ஏறுகிறது, அடுத்த வரி தரைத்தளத்துக்கு இறங்குகிறது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் இயக்கியவன் கை, அப்படித்தான் போகும். 'ழ' எழுதும்போது மட்டும் நடுவில் நின்று இளைப்பாற வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் இந்த நிமிடம்வரை உயிரோடு இருக்கிறோம். அங்கே மாப்பிள்ளையும் நீயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கட்டுரை வந்த பத்திரிகை கிடைத்தது. எனக்கு எழுத்துச் சொல்லித்தர வீட்டுக்கு வரும் முதியோர் வகுப்பு டீச்சர் ஏதோ பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். என் மகள் அச்சில் வந்திருக்கிறாள், முதலில் அவளைத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். தலைப்புக்கே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. 'தொடர் கொலையாளிகள்: ஆண் மனமும் பெண் மனமும்.' தொடர் கொலையாளி என்றால் டிவி தொடர்களைக் கொன்று ஒழிக்கிறவர் என்று நினைத்து மிகவும் மகிழ்ந்தேன். அப்படி ஒருவர் அவசியம் வேண்டும். ஆளைக் கொன்றுவிட்டு அலுக்காமல் அடுத்த ஆளிடம் போகிறவர் என்பது இரண்டாம் பத்தியில்தான் தெரிந்தது.

ஆண் கொலையாளிகளில் பலர் முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனை நினைத்துப் பார்த்தேன். ஒற்றைக் காலுறைக்கு ஜோடியையே தேடத் தெரியாதவன். அவன் பக்கம் ஆபத்தில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பெண்கள் பகுதி. எனக்கு ஒரு நாளைக்குப் பாதி வாக்கியம்தான் ஓடும். அன்றைய பாதி நின்ற இடம்தான் இந்த வீட்டில் நடந்த அத்தனைக்கும் காரணம். "கூடவே இருந்து, மருந்து கொடுத்து, அன்பாகப் பராமரிக்கும் பெண்களே சத்தமில்லாமல் நஞ்சு வைக்கிறார்கள்..." அதற்குமேல் கண் வலித்தது. விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே மாத்திரையோடு சம்பந்தியம்மா.

உனக்குத் தெரியும், என் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து உன் அண்ணியின் அம்மாதான் இங்கேயே தங்கி என்னைப் பார்த்துக்கொள்கிறார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே இருக்கிறார், மருந்து கொடுக்கிறார், அன்பாகவும் இருக்கிறார். எல்லாம் பொருந்துகிறது.

"சம்பந்தி, முதல்ல நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"எலும்பு உடைஞ்சது உங்களுக்கு. எனக்கு எதுக்கு மாத்திரை?"

"எலும்பு எனக்குத்தான். உயிர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

என்ன விஷயம் என்று கேட்டார். நான் மறைத்துப் பழகாதவன். அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். "கொல்றதா இருந்தா உங்களை இத்தனை நாள் பேச விட்டிருப்பேனா?" என்று கேட்டுவிட்டு, துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். உன் அண்ணி புது வேலையில் சேர்ந்து நாற்காலி இன்னும் சூடாகவில்லை. "மாமா, அம்மா போயிட்டா உங்களைத் தூக்கி உட்கார வைக்க நான்தான் வீட்டோட இருக்கணும். சொல்லுங்க, வேலையை விட்டுடவா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். உன் அண்ணன் காலுறையைத் தேடிக்கொண்டே, "அப்பா, உங்களை இப்ப யாரு படிக்கச் சொன்னது?" என்றான். இடுப்பைவிட அதுதான் வலித்தது.

வாசல்வரை போன சம்பந்தியம்மா பெட்டியோடு திரும்பி வந்தார். "உங்க பொண்ணு என்னதான் எழுதியிருக்கான்னு பாத்துட்டே போறேன்" என்று பத்திரிகையைப் பிடுங்கி, நான் பாதியில் விட்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்தார். "நஞ்சு வைக்கிறார்கள் என்று நினைப்பது தவறு" என்று இருந்தது. "கேட்டுச்சா சம்பந்தி? தவறாம்" என்று பத்திரிகையை மூடி என் மடியில் போட்டார்.

நான் முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். ஓர் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டு வரியின் கடைசியில் போய் விடுதலை செய்கிறாயே அம்மா, மெதுவாகப் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? இனிமேல் 'தவறு' என்பதை முதலிலேயே போட்டுவிடு.

"ஆம்பளைங்க எப்படிக் கொல்றாங்களாம்?" என்று சம்பந்தியம்மா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"தெரியாத ஆளாத் தேடிப் போவாங்களாம்."

"வீட்டுலயே ஆள் இருக்கும்போது எதுக்கு அந்த அலைச்சல்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொல்கிற பெண்களில் பலர் ஏதாவது ஆதாயத்துக்காகத்தான் செய்வார்களாம் என்றேன். என்னைத் தலை முதல் கட்டு வரை பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்குக் கவலையே இல்ல" என்றார். பிழைத்தேன் என்று மகிழ்வதா, இவ்வளவுதானா நான் என்று வருந்துவதா, தெரியவில்லை. ஆனால் பெட்டி உள்ளே போய்விட்டது, உன் அண்ணி வேலைக்குப் போகிறாள், நானும் வாசிக்கிறேன். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீ நிறைய எழுது, நிறைய ஆண்டு இரு, உன் வாக்கியங்கள் மட்டும் குட்டையாக இருக்கட்டும்.

இப்படிக்கு, தானே கையெழுத்துப் போடும்
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பக்கத்தைத் திருப்பினேன். 'தவறு' என்பதோடு பக்கம்தான் முடிகிறது. அங்கே முற்றுப்புள்ளி இல்லை. மறுபக்கம், "என்று சிலர் வாதிடலாம், ஆனால்" என்று தொடங்குகிறது. 'ஆனாலு'க்கு அடுத்த வார்த்தை ரயில் மாதிரி நீளம், இன்றைக்குள் கடக்க முடியாது. சம்பந்தியம்மா வேறு தண்ணீரோடு நின்று, "வாயைத் திறங்க சம்பந்தி" என்கிறார். உன் அண்ணியின் வேலையை நினைத்து விழுங்கிவிட்டேன். அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், இந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.