என் குதிரையை எனக்கே விற்ற லாடத்தார்

ஒன்பது மாதமாக நான் நம்பிக்கொண்டிருந்தது இதுதான்: என் கொட்டகையில் நாலரை லட்ச ரூபாய் நின்றுகொண்டு கொள்ளுத் தின்கிறது.

கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். வடக்கே எங்கோ ஒரு குதிரை அந்த விலைக்குப் போயிருந்தது. அதுவும் பழுப்பு, என் குட்டியும் பழுப்பு. அதற்கும் நாலு கால், இதற்கும் நாலு கால். அப்புறம் என்ன?

நான் பேட்டையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுபவன். இருப்பது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. அது போட்ட ஆண் குட்டிக்கு இரண்டரை வயது. யார் வந்தாலும் கண்டுகொள்ளாமல் தலையைத் தூக்கி எங்கோ பார்க்கும் என்பதால் வீட்டில் அதற்குக் கலெக்டர் என்று பெயர். ஊர்வலத்துக்கு ஆகாது. மேளம் கேட்டால் பின்பக்கமாகவே நடந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். கொட்டகைக் கதவை இரண்டு தடவை உடைத்தாயிற்று. இடத்துக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் குட்டி போகவேண்டும், இல்லையென்றால் தாயையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பவேண்டும். தாய்க்கு இடமில்லை என்றால் என் பிழைப்புக்கும் இடமில்லை.

நாலரை லட்சம் என்றதும் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரித்தார். ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மூன்றாமவர், "வீட்டையும் சேத்தா சொல்லுதீரு?" என்று கேட்டார். மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. லாடத்தாரிடம் ஓடினேன்.

குதிரைக்கு விலை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. குதிரைக்காரன் வாயாலேயே அவன் குதிரைக்கு விலை சொல்ல வைத்த மனிதர் இந்தப் பூமியில் லாடத்தார் ஒருவர்தான். அவர் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. பட்டறைகளுக்கு நடுவே ஒரு மரத்தடியில் லாடம் அடிப்பார். மனிதர்களையும் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். "இடது பக்கம் சாஞ்சு நடக்கீரு" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வந்தார். குட்டியை ஒரு தடவை பார்த்தார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"இப்ப இது என் குதிரை. வாங்க வந்தவரு நீரு. விலை நாலரை லட்சம்."

"அண்ணாச்சி, இது என்ன வெளையாட்டு?"

"வாங்க வந்தவன் அப்பிடியா பேசுவான்? குதிரையில உள்ள குறையச் சொல்லும் வே."

கூச்சத்தோடுதான் ஆரம்பித்தேன். மேளத்துக்குப் பயப்படுகிறது என்றேன். நெற்றியில் இரட்டைச் சுழி என்றேன். முதுகில் இதுவரை ஒருத்தரும் ஏறியதில்லை, வண்டியிலும் பூட்டியதில்லை என்றேன். ஒவ்வொரு குறைக்கும் லாடத்தார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தார். வாங்குகிறவனாக இருப்பதில் இவ்வளவு சுகம் உண்டென்று எனக்குத் தெரியாது. பத்தே நிமிடத்தில் முப்பதாயிரத்துக்கு இறக்கிவிட்டேன். அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று கையையும் கட்டிக்கொண்டேன்.

"சரி. முப்பதுக்குத் தந்தாச்சு" என்றார் லாடத்தார்.

கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். விற்றேனா, வாங்கினேனா, வீட்டில் போய் என்ன சொல்வது?

"முப்பதா? அண்ணாச்சி, நாலு காலையும் கேட்டா தூக்கித் தருது. லாரியில தானா ஏறுது. சின்னப் பிள்ளைக வாலப் புடிச்சு இழுத்தாலும் ஒதைக்காது."

"இத ஏன் வே ஒருத்தர்ட்டயும் சொல்லல? நாலரை லட்சம்னு மட்டும் சொல்லிட்டு மரம் மாதிரி நின்னீரு."

அவர் குனிந்து ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தார். கலெக்டர் மறுக்காமல் கொடுத்தது.

"பழக்குன குதிரைன்னா லட்சம் போவும். பழக்குத கூலி, பழக்குதவன் விழுந்தா வைத்தியச் செலவு, எல்லாத்தையும் கழிச்சா எழுபது. எம்பதுன்னு ஆரம்பியும். அறுபதுக்குக் கீழ எறங்காதேயும்."

அடுத்த நாலு நாளும் ஒத்திகை. தினம் காலையில் லாடத்தார் விற்பார், நான் வாங்குவேன். எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, திசையன்விளையிலிருந்து முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர், காய் வண்டி இழுக்கக் குதிரை தேடி வந்தார். எண்பது என்றேன். அவர் குட்டியைப் பைய ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு நாள் பழக்கத்தில் என் வாய் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியது.

"எம்பதெல்லாம் ரொம்பக் கூடுதல். ரெட்டைச் சுழி இருக்கு பாத்தீரா? ஒருத்தரும் ஏறிப் பழக்கல. மேளம் கேட்டா நிக்காது. கதவ வேற ஒடைக்கும்."

வந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, நீரு விக்குதீரா, வாங்குதீரா?"

லாடத்தார் தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டக்காரருக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. "முருங்கைக்காட்டுல எவன் வந்து மேளம் அடிக்கப் போறான்? கதவே கெடையாது, எத ஒடைக்கும்? குறையெல்லாம் நீரே சொல்லிட்டீரு, எனக்குத் தேடுத வேலை மிச்சம். நல்லது எதுவும் இருந்தா அதையும் சொல்லும்."

சொன்னேன். அவரே குனிந்து நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து, "அறுபத்தஞ்சு" என்றார்.

அந்த விலைக்கே கலெக்டர் போனது. தாய்க் குதிரை இன்றும் அதே கொட்டகையில்தான் நிற்கிறது. அன்று கலெக்டரை ஏற்றிய லாரி கிளம்பும்போது, யாரிடமும் சொல்லாமல் லாடத்தாரும் பின்னால் ஏறிக்கொண்டார். மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"எதுக்கு அண்ணாச்சி கூடப் போனிய?"

"எளங்குதிரை புது எடத்துத் தண்ணிய லேசுல குடிக்காது. பக்கத்துல இருந்தேன்."

"குடிச்சுதா?"

"நேத்து சாயங்காலம் குடிச்சுது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தார்.