ஆறு முறை தோற்ற கரடி

மதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கே நான் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதலாம் என்றால் கடிதம் இந்த வரியிலேயே நின்றுவிடும்.

எழுத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இது என் எழுத்துதான். இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் என் வீட்டுக்காரி எழுதியவை. அடியில் இருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது. அதையும் படம் வரைவது போலத்தான் போட்டேன். இப்போது அவள் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். எனவே என் கடிதத்தை நானே எழுத வேண்டிய நிலை. 'நிலை' என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி, எழுபத்தோரு வயதில் ஒரு சொல் நம் கையிலிருந்து இறங்கிப் போய்க் காகிதத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மையே திரும்பிப் பார்ப்பது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஐந்து வயதிலேயே அதை அனுபவித்து மறந்திருப்பீர்கள்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

நம் பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போனில் வரும் படத்தைப் பார்ப்பதெல்லாம் பார்ப்பதில் சேராது. என் மகள், அதாவது உங்கள் மருமகள், என்ன சொன்னாள் என்று உங்களுக்கும் தெரியும். என்னிடம் சொன்ன அதே சொற்களைத்தான் உங்களிடமும் சொன்னாளாம். "ரெண்டு தாத்தாவும் ஒண்ணா வந்தா கதவைத் திறப்பேன். தனித்தனியா வந்தா, வந்த வழியே போங்க." அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டோம்.

இரண்டு ஆண்டுக்கு முன் நடந்ததைத் திரும்ப எழுதுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் எழுத்துப் பழகுவதற்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டு மாடிக்கு நான் பதினேழு படி கட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் வேலை. கொத்தனார் வேலையை விட்டு நான்கு வருடம் ஆன பிறகு, மகள் குடியிருக்கப் போகிற மாடி என்பதற்காகக் கரண்டியை மறுபடி கையில் எடுத்தேன். படி காய்ந்து எல்லோரும் முதல்முறை மேலே ஏறியபோது நீங்கள் மூன்றாவது படியில் கால் தடுக்கினீர்கள். தடுக்கியவர் பேசாமல் ஏறிப் போயிருக்கலாம். நீங்கள் உள்ளே போய் மர அளவுகோலை எடுத்து வந்தீர்கள். குனிந்து அளந்தீர்கள். என் மகள், என் மனைவி, உங்கள் பிள்ளை, அடுத்த வீட்டுக்காரர் இவ்வளவு பேர் நிற்கும்போது, "மூணாவது படி அரை அங்குலம் கூட இருக்கே, கவனிக்கலையா?" என்றீர்கள். கூட இருக்கிறது என்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் 'கவனிக்கலையா'தான். ஊற்றிவைத்த டீயைக் குடிக்காமல் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான். அதன் பிறகு உங்கள் மகனுக்கு வேலை மாற்றமாகி இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் படியில் ஏற இப்போது ஆளே இல்லை. நாம் இருவரும் மட்டும் இன்னும் அதில் நின்றுகொண்டிருக்கிறோம்.

இனி கரடி விஷயம். இது உங்களுக்குப் புதிது, பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் வாரத்துக்கு இரண்டு நாள் கரடி பொம்மை தைக்கிறோம். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். நீங்களும் இப்போது சிரித்திருந்தால், அது எனக்கு மிகவும் பயன்படும் விஷயம், காரணம் பின்னால் வருகிறது. இதை ஆரம்பித்தவர் நர்ஸம்மா. குழந்தைகள் வார்டில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வார்டுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கையால் தைத்த ஒரு கரடி கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டாமவர் வாட்ச் ரிப்பேர்காரர். இப்போது கடை கிடையாது, ஆனால் கடை இருந்த முன்னறையும் நீளமேசையும் மேசைவிளக்கும் அப்படியே இருக்கின்றன. அங்கேதான் கூடுவோம். கரடியின் கையும் காலும் திரும்புவதற்கு உள்ளே வட்டத் தட்டு வைத்து முடுக்குவது அவர் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டுதான் முடுக்குவார். மூன்றாமவர் மெத்தைக்காரர். பஞ்சைக் கையில் எடுத்தாலே, இது ஒருமுறை நனைந்த பஞ்சா நனையாத பஞ்சா என்று சொல்லிவிடுவார். நான்காவது நான். என்னை அங்கே மேஸ்திரி என்பார்கள்.

எங்களுக்கு என்று சில நடைமுறைகள் உண்டு. துணி வெட்டும்போது யாரும் பேசக் கூடாது. தைக்கும்போது பேசலாம். பஞ்சு திணிக்கும்போது பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மனதில் இருப்பதெல்லாம் கைக்கு இறங்கிப் பஞ்சு இறுகிவிடும். துணியை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, பென்சில் முனையால் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பும்போது, சப்பையாக இருந்தது சட்டென்று ஒரு காலாக வெளியே வரும் பாருங்கள், அப்போது நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். எத்தனை முறை பார்த்தாலும் பார்ப்போம். மூக்கிலிருந்துதான் பஞ்சு வைக்க ஆரம்பிக்க வேண்டும், கடுகளவு கடுகளவாக. நான் முதல் கரடிக்குக் கலவை அடைப்பது போல அடைத்துவிட்டேன். அது மேசையிலிருந்து விழுந்தபோது செங்கல் விழுந்த சத்தம் கேட்டது. வாட்ச்காரர் கரடியை விட்டுவிட்டுத் தரையைத்தான் தடவிப் பார்த்தார்.

எழுத்து வந்ததும் அங்கேதான். வெட்டிய துண்டுகளில் எது எதுவென்று நர்ஸம்மா சாக்கட்டியால் எழுதி வைப்பார். எனக்கு எல்லாம் ஒரே கோலமாகத் தெரியும். கேட்க வெட்கம். விளைவு, என் இரண்டாவது கரடிக்கு ஒரு காது தலையிலும் இன்னொரு காது முதுகுக்குக் கீழேயும் முளைத்திருந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பியது போல இருந்தார்கள். அடுத்த வாரம் மெத்தைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டும் எனக்குப் படிக்க வரவில்லை. நர்ஸம்மா காதுத் துண்டை என் முன்னால் வைத்து, அதன் மேல் பெரிதாகக் 'காது' என்று எழுதி, தன் காதைத் தொட்டுக் காட்டினார். அடுத்து 'கால்'. அடுத்து 'வயிறு'. ஒரு முழுக் கரடி முடிவதற்குள் பாதி எழுத்து வந்துவிட்டது. ஒரு வருடத்தில் நான் கடைப் பலகையெல்லாம் படித்துக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தேன். நான் வேலை செய்த கட்டடங்களிலேயே என்னென்ன எழுதியிருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் கடைசி நடைமுறைதான் என்னைச் சிக்கலில் மாட்டியது. முடிந்த கரடியை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைப்போம். ஒவ்வொருவராக அதற்கு எதிரே உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்தபடியே ஒரு டம்ளர் டீ குடிக்க வேண்டும். டீ முடியும்போது அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றினால் கரடி தேறியது. ஒருவருக்குத் தோன்றாவிட்டாலும் முகத்தைப் பிரித்துவிடுவோம். வார்டுக் குழந்தைகளுக்கு நான் இதுவரை தைத்த பதினோரு கரடியும், பிரித்துத் தைத்த அந்த முதல் இரண்டும் சேர்த்து, தேறியவை. நம் பேத்திக்காகத் தைத்தது மட்டும் ஆறு முறை தோற்றுவிட்டது.

உடம்பில் குறை இல்லை. ரசமட்டம் வைத்து இரண்டு காதும் ஒரே மட்டம் என்று சரிபார்த்திருக்கிறேன். மூக்கிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் நேரே தொப்புளுக்கு வரும். முகம்தான். கைக்குழந்தைக்குப் பொத்தான் கண் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், நூலால்தான் கண் தைக்க வேண்டும் என்று நர்ஸம்மா உத்தரவு. நானும் நூலால்தான் தைக்கிறேன். ஆறு முறையும் அது முறைக்கிறது. மெத்தைக்காரர் பாதி டம்ளரிலேயே எழுந்துவிட்டார். "இதுக்கு முன்னாடி உக்காந்தா, நான் சின்ன வயசுல செஞ்சதெல்லாம் இதுக்குத் தெரியும்போல இருக்கு மேஸ்திரி" என்றார். வாட்ச்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். நர்ஸம்மாதான் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு, "வார்டுல ஊசி போட வர்ற டாக்டரைக்கூடக் குழந்தைங்க ஏத்துக்கும். இதை ஏத்துக்காது" என்றார்.

ஆறாவது முறை நானே எதிரே உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். புருவம் நடுவில் இறங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கொஞ்சம் குனிந்து எதையோ அளப்பது போல ஒரு பார்வை. சம்பந்தி, அது நீங்கள்தான். மூன்றாவது படிக்கு மேல் குனிந்த உங்கள் முகம், சந்தேகமே இல்லை.

மூவரிடமும் எல்லாக் கதையையும் சொன்னேன். அவர்கள் உடனே உங்களைத் தெரிந்துகொண்ட மாதிரி கரடிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்கள். அந்த மனிதர் சிரித்த முகத்தை ஒரு தடவை பார்த்தால்தான் கை மாறும் என்பது நர்ஸம்மாவின் கருத்து. கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: நீங்கள் சிரிக்கும் போட்டோ ஒன்று இருந்தால் அனுப்பி வைக்க வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாட்ச்காரர் வீட்டுக்கு நேரில் வந்து சற்று நேரம் சிரித்துவிட்டுப் போக வேண்டும். மெத்தைக்காரர் வேடிக்கையாகப் பேசுவார், அதனால் உங்களுக்குச் சிரமம் இருக்காது. படியைப் பற்றி நானும் பேச மாட்டேன், நீங்களும் பேச வேண்டாம். படி சரியாகத்தான் இருக்கிறது. இதை ஒரு பேச்சுக்காக எழுதினேன்.

முறைக்கிற பொம்மையோடு நான் மகள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. நீங்கள் இல்லாமலும் நிற்க முடியாது. இரண்டுக்கும் உங்கள் முகம்தான் வேண்டியிருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்றும், பேத்தி நூறு வயது நல்ல பற்களோடு வாழ வேண்டும் என்றும், இந்தக் கடிதத்தில் உள்ள பிழைகளை நீங்கள் சிவப்பு மையால் சுழிக்காமல் இருக்க வேண்டும் என்றும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
கொத்தனார்.

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. உறையில் போடுவதற்குள் நேற்று என் வீட்டுக்காரி ஊரிலிருந்து வந்துவிட்டாள். கரடி வீட்டில்தான் இருந்தது, அது இருக்கிற அறையில் டீ இறங்கவில்லை என்று நண்பர்கள் என்னோடு அனுப்பிவிட்டார்கள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன் சம்பந்தி தெரிகிறாரா என்று கேட்டேன். "அவரா? அவர் பாவம், அன்னிக்குக் கண்ணாடி இல்லாம கண்ணை இடுக்கிப் பார்த்தாரு. இது நீங்க. டீயை வெச்சிட்டுப் பையைத் தூக்கினீங்களே, அந்த மூஞ்சி" என்றாள்.

நம்பாமல் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கரடியைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இரண்டு ஆண்டாகத் தினமும் சவரம் செய்த முகம், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஆகவே, மேலே உங்கள் முகத்தைப் பற்றி எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். போட்டோ வேண்டாம். மூன்றாவது படி அரை அங்குலம் கூடத்தான். கலவை ஈரமாக இருக்கும்போதே எனக்குத் தெரியும். பிரித்துக் கட்டச் சோம்பல்பட்டு, இந்த வீட்டில் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிட்டு இதை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் ஒன்பது நாள் எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று நர்ஸம்மா கரடியின் முகத்தைப் பிரித்துவிட்டார். இப்போது அதற்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் சம்பந்தி. ஒரு கண் நீங்கள் தையுங்கள், ஒரு கண் நான் தைக்கிறேன். இரண்டும் ஒரே மட்டத்தில் வராது. வராவிட்டால் போகட்டும், நாம் இருவரும் மகள் ஊருக்குப் போகிற மதிய பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.