முதலில் புறப்பட்ட பெட்டி

"வியாழக்கிழமை உங்களுக்குச் சந்திராட்டமம்" என்று கோசலை சொன்னபோது, குணரத்தினம் பதினெட்டாவது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். எனக்கும் பிள்ளைக்கும் ஒண்டுமில்லை. உங்கடை ராசிக்கு மட்டும்தான் கூடாத நாள்."

வியாழக்கிழமை பின்னேரம்தான் மெல்பேணுக்கு விமானம். மலிவு டிக்கெட், நாள் மாற்ற முடியாது. சனிக்கிழமைக்குள் அவுஸ்திரேலிய மண்ணில் கால் வைக்காவிட்டால் விசா செல்லாது. ஆறு வருடம் கடதாசி நிரப்பி, நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்து, ஐம்பத்திரண்டு வயதில் ஆங்கிலப் பரீட்சைகூட எழுதிப் பெற்ற விசா. எல்லாரிடமும் அனுமதி வாங்கியவர்கள் சந்திரனை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள்.

குணரத்தினத்துக்கு அவுஸ்திரேலியாமீது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கோசலையின் தம்பி பிரசாந்தன் அங்கே இருக்கிறான், அவளுக்கு ஆசை. ஆனால் அவர் பாரிசின் லா சப்பலுக்கு வந்த புதிதில், கோசலையை ஊரில் விட்டுவிட்டு, ஒன்பது வருடம் ஒண்டிக்கட்டையாக இருந்தவர். அவளுடைய குரலை டெலிபோன் கார்டில் மட்டும் கேட்டுச் சீவித்தவர். அவள் வந்து இறங்கிய அன்று, இனி எங்கே போனாலும் சேர்ந்துதான் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். அவளும் மகளும் போகிற விமானத்தில் அவரும் இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஐயருக்குப் போன் போட்டார்கள். ஐயர் கொஞ்சமும் பதறவில்லை.

"அதுக்கென்ன, பெட்டியை முதல்லை அனுப்புங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது அஞ்சிலையிருந்து ஒன்பது அம்பது வரைக்கும் நல்ல நேரம்."

பயண நாள் சரியில்லாவிட்டால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணக்காரரின் பெட்டியை வெளியே கொண்டுபோய் வேறு ஒரு வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோசமில்லை.

"உங்களுக்குப் பதிலாய் நிக்கப்போறது அந்தப் பெட்டி" என்றார் ஐயர். "அதுக்குள்ளை நீங்கள் இருக்கவேணும். உடுத்துக் கழட்டின உடுப்பு, பேர் எழுதின கடதாசி, இப்பிடி ஏதும் வையுங்கோ. வைச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் வாங்கோ."

குணரத்தினம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வேலைக்குப் போட்டுத் தேய்ந்த சப்பாத்து, தோய்க்காத சட்டை, பழைய மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் நீலப் பெட்டிக்குள் வைத்தார். பேர் எழுதின கடதாசி என்றால் எது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் விசாக் கடதாசியையும் ஒன்றாகச் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினார். இதைவிட நன்றாகப் பேர் எழுதின கடதாசி வேறு உண்டா?

"நல்லதாப் போச்சு. பாஸ்போட்டை மறந்துபோகவும் மாட்டியள்" என்றாள் கோசலை.

ஞாயிறு காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அவர் வீட்டுப் படியைத் தாண்டினார். ஆர்.ஈ.ஆர் ரயில் பிடித்து, புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருக்கும் கூட்டாளி சூசைநாதன் வீட்டுக்குப் போனார்.

"என்ரை வீட்டிலை மாதா இருக்கிறா, மச்சான். உங்கடை சந்திரனுக்குப் பரவாயில்லையோ?"

"சந்திரனுக்கு என்னத்தை விளங்கப்போகுது. நீ வை."

மாதா படத்துக்குக் கீழே பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஏதோ ஒரு பாரம் இறங்கியதுபோல உடம்பு லேசாக இருந்தது. ரயிலில் பரிசோதகர் வரிசையாக எல்லாரிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்து, அவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். இருபத்தேழு வருடத்தில் இது முதல் தடவை. நல்ல நேரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று குணரத்தினம் சந்தோசப்பட்டார்.

அவர் குடியிருந்த மார்க்ஸ் டோர்மோயில் கட்டடக் காவல்காரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "பொன்ஜூர் மதாம்" என்றார். அவள் நிமிரவில்லை. அவர் நின்ற இடத்தையும் சேர்த்துக் கூட்டினாள்.

தபால்பெட்டியில் 'மிஸ்யூ, மதாம் குணரத்தினம்' என்று ஒட்டியிருந்த துண்டில் இப்போது 'மதாம் குணரத்தினம்' மட்டும் இருந்தது. அவரைக் குறித்த 'மிஸ்யூ' அழிந்த அடையாளம்கூட இல்லை. எழுதினவர் ஆரம்பத்திலேயே மதாமோடு தொடங்கினதுபோல் இருந்தது.

"பேரை ஆர் மாத்தினது?" என்று வீட்டில் கேட்டார்.

"கிழிஞ்சிருக்கும். நாலு நாளிலை போற ஆக்களுக்கு இனி என்னத்துக்குப் பேர்?" என்றாள் கோசலை.

நியாயம்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பேனையோடு இறங்கிப் போய் 'மிஸ்யூ' என்று தடித்த எழுத்தில் எழுதிவிட்டு வந்து, அசதியில் பின்னேரம் முழுக்கத் தூங்கினார். திங்கள் காலை பார்த்தபோது அங்கே புதுத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் மதாமும் மகள் நிரோஜினியும் இருந்தார்கள்.

மகளிடம் கேட்டார். பதினேழு வயது நிரோஜினி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதில் சொல்லாமல் அவரைக் கடந்து போனாள். அதில் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பத்து வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

வேலைக்காவது போவோம் என்று கடைக்குப் போனார். கரிகாலனின் மரக்கறிக் கடையில் பதினேழு வருடமாக அவர்தான் தராசடியில் நிற்பவர். இன்றைக்கு அங்கே வேறு ஒருவன் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தான். கரிகாலன் அவரைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனான்.

"குணம் அண்ணை, நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"வியாழக்கிழமைதானே பயணம். புதன் மட்டும் வேலைக்கு வாறன் எண்டனான்."

"நேற்றுப் பின்னேரம் வந்து பயணம் சொல்லிப்போட்டுப் போனனீங்களே. நானும் கட்டிப்பிடிச்சு அழுதனான். ஒரு பெட்டி மாம்பழமும் தந்து விட்டனான்."

"நேற்று நான் வீட்டிலை படுத்திருந்தனான்."

"அப்ப ஆர் வந்தது?"

வந்தது யார் என்பதைவிட, பதினேழு வருடத்தில் கரிகாலன் ஓசியில் கொடுத்த முதல் மாம்பழம் யாருக்கோ போய்விட்டதே என்பதுதான் அந்த நேரத்தில் குணரத்தினத்துக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் பெட்டியின் ஞாபகம் வந்தது.

ஐயருக்குப் போன் எடுத்தார்.

"ஆர், குணமோ? நீங்கள்தான் போயிட்டியளே" என்றார் ஐயர்.

"பெட்டிதான் ஐயா போனது. நான் இஞ்சை நிக்கிறன்."

ஐயர் கேட்டார்: "பேர் எழுதின கடதாசி எண்டு என்னத்தை வைச்சனீங்கள்?"

சொன்னார்.

"நான் ஒரு துண்டுக் கடதாசியிலை நட்சத்திரத்தை எழுதி வைப்பியள் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் ஐயர். குரல் இறங்கிவிட்டது. "உள்ளதெல்லாத்தையும் வைச்சால் இஞ்சை பிறகு என்ன மிஞ்சும்? ஓடிப்போய்ப் பெட்டியை எடுங்கோ."

ஓடினார். ஆர்.ஈ.ஆரில் ஒரு தடித்த பெண் அவர் இருந்த இருக்கையிலேயே வந்து உட்காரப் பார்த்தாள். அவர் "பார்டோன்" என்று கத்தியபிறகு, யார் கத்தியது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

மாதா படத்துக்குக் கீழே வெறும் தரை இருந்தது.

"இண்டைக்கு மத்தியானம் நீதானே வந்து எடுத்துக்கொண்டு போனனீ" என்றான் சூசைநாதன். "ஒரு தேத்தண்ணியும் குடிச்சனீ. சீனி வேண்டாம் எண்டனீ."

"எடேய், நான் மூண்டு கரண்டி போடுறவன்."

"அதுதான் நானும் யோசிச்சன். வெளிநாடு போற சந்தோசத்திலை ஆள் திருந்திப்போட்டுது எண்டு. முகமும் நல்ல செழிப்பாய் இருந்தது, மச்சான். இப்ப உன்னைப் பாக்கத்தான்..." சூசைநாதன் முடிக்காமல் லைட்டைப் போட்டு அவரை உற்றுப் பார்த்தான். பிறகு கையால் சிலுவை போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டில் மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள்தான் இருந்தன.

"மற்றதெல்லாம் கட்டியாச்சு. நாங்கள் சாப்பிட்டபிறகு நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள் கோசலை. சொல்லும்போது அவள் பார்வை அவருடைய தோளுக்கு மேலால் சுவரில் இருந்தது.

பாஸ்போர்ட் காணாமல்போன கதையைச் சொன்னார். அவள் பதறவில்லை. "எல்லாம் அங்கை போகச் சரிவரும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சன்னலைச் சாத்தினாள். "எங்கையிருந்து இந்தக் குளிர் வருகுது" என்று மகளைக் கேட்டாள். குணரத்தினத்துக்கு அந்த ஒன்பது வருடமும் ஒரு நொடியில் திரும்ப வந்தது. இவள் என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று முதல் தடவையாகப் பயந்தார்.

செவ்வாய்க்கிழமை பொலிசுக்குப் போனார். நான்கு மணி நேரம் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஐந்தாவது மணியில் தானே போய் மேசையில் தட்டினார். ஒரு பெண் பொலிஸ், கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மிஸ்யூ குணரத்தினம் நேற்று இரவு ஒன்பது மணிக்குப் புது டிக்கெட்டில் விமானம் ஏறிவிட்டார். மெல்பேணுக்கு."

"அவன் கள்ளன். என்னைப்போல வேசம் போட்டு, பெட்டியைத் திருடிக்கொண்டு போயிருக்கிறான்."

"விமான நிலைய வாசலில் கமரா முகத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. முகம் அவருடையதுதான்." அவள் கனிவாகத்தான் கேட்டாள். "நீங்கள் யார் என்பதற்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

பைகளைத் தடவினார். ஒரு பாவித்த மெத்ரோ டிக்கெட் இருந்தது. அதில் பேர் எழுதியிருக்கவில்லை.

விடிந்தால் வியாழன் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. புதன் மத்தியானம் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பாலத்தடியில் நின்று அழுதார். ஆட்கள் அவருக்கு ஊடாகப் போவதுபோலப் போனார்கள். ஆனால் மூளை இன்னும் வேலை செய்தது. யாரோ தன் உருவத்தோடு ஒத்தவன் தன்னை நோட்டம் பார்த்து எல்லாவற்றையும் செய்திருக்கிறான். அவன் இந்நேரம் பிரசாந்தன் வீட்டு வாசலுக்கே போயிருப்பான். நாளை மறுநாள் கோசலையும் பிள்ளையும் போய் இறங்குவதும் அந்த வீட்டில்தான். அங்கே அவனைப் பிடித்துக் கொடுத்தால் பாஸ்போர்ட்டும் கிடைக்கும், அவருடைய பேரும் திரும்பி வரும். பிறகு எந்தச் சந்திரன் தடுத்தாலும் தான் போய்விடலாம்.

பிரசாந்தனின் மனைவி மிருணாளினிக்குப் போன் எடுத்தார். அங்கே இரவு பத்து மணி. நல்லகாலம், உடனே எடுத்தாள்.

"தங்கச்சி, குணம் அண்ணை கதைக்கிறன். கவனமாய்க் கேளும். என்னை மாதிரியே ஒருத்தன் என்ரை பாஸ்போட்டோடை அங்கை வருவான். கதவைத் திறக்காதையும். பொலிசைக் கூப்பிடும். என்ரை மனுசியும் பிள்ளையும் அவனிட்டை மாட்டக்கூடாது. விளங்குதோ?"

மிருணாளினிக்குப் பின்னால் யாரோ மாம்பழம் நல்ல இனிப்பு என்று சொல்லிச் செருமினார்கள். அந்தச் செருமலை அவர் ஐம்பத்திரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறார். ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது. பிறகு, படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரோடு பேசுகிற குரலில் மிருணாளினி சொன்னாள்:

"நீங்கள் எடுப்பியள் எண்டு அண்ணை வந்திறங்கினவுடனை சொன்னவர். மச்சாளும் பிள்ளையும் தன்னட்டைப் பத்திரமாய் வந்து சேந்திடுவினமாம், ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம். பாரிசிலை தான் விட்டிட்டு வந்தது ஒண்டு நிக்குதாம், அதுக்கு இன்னும் விசயம் தெரியாதாம், ஏசாமல் ஆறுதலாய்ச் சொல்லட்டாம்."