கண்ணுக்குத் தெரியாத லேசரும் உங்கள் தங்கை புரோசார்ட் போன காரணமும்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
26.08.2007

பெருமதிப்புக்குரிய மச்சான் அருமைநாதன் அவர்கட்கு,

உருத்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. டோட்முண்டில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே எங்களில் ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே எழுதக் காரணம், உங்கள் தங்கை ஜெகதீஸ்வரி ரெலிபோன் எடுத்து, "இவரைப் பொலிஸ் சுடப் பார்த்தது" என்று சொல்லியிருந்தால் நீங்கள் பதறிப்போயிருப்பீர்கள். சுடவில்லை. பார்த்தது மட்டும் உண்மை. அவள் நான்கு நாளாக, ஆற்றுக்குத் தெற்கே புரோசார்ட்டில் தன் சிநேகிதி புஷ்பராணி வீட்டில் இருக்கிறாள். மகள் அஜந்தாவையும் நான்கு மாதப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் ஒரு ரக்கூனால் வந்தது. உங்கள் ஊரில் இருக்கிறதோ தெரியாது. பூனையை விடப் பெரிது, முகத்தில் கள்ளன் போலக் கறுப்புப் பட்டி, எங்களைப் போல விரல் வைத்த கை. நான் பின்வளவில் நட்ட சோளத்தை முற்றுவதற்கு முதல்நாள் பார்த்து முறித்துத் தின்றது, பொறுத்துக்கொண்டேன். பாகல் பந்தலைச் சரித்தது, அதையும் பொறுத்தேன். ஆனால் ஆற்றுக்குத் தெற்கே ரக்கூன்களுக்கு விசர்நோய் பரவுகிறது என்று ரேடியோவில் சொன்ன கிழமை, பின்னேரம் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பின்கதவடியில் விட்டுவிட்டு அஜந்தா போத்தல் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால், அந்தச் சனியன் பின்னங்காலில் எழும்பி, இரண்டு கையாலும் வண்டியின் விளிம்பைப் பிடித்தபடி பிள்ளையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதாம். அவள் போட்ட சத்தத்துக்கு நான் மேல்மாடியிலிருந்து விழாத குறையாக ஓடிவந்தேன். அது அவசரப்படாமல் வேலியேறிப் போனது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை மச்சான். விலங்கு பிடிக்கிற ஆளுக்குப் போன் எடுத்தால், மூன்று கிழமை செல்லும் என்றான். மூன்று கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதா?

ஆகையால் ஒரு காற்றுத் துவக்கு வாங்கினேன். அதற்குப் பிறகு பகலில் அது வரவில்லை, இரவில் எனக்குக் கண் தெரியாது. குறி பார்க்க லேசர் பூட்டலாம் என்று கடைக்காரன் சொன்னான். சிவப்பு லேசர் மலிவு, ஆனால் அந்தப் புள்ளியைக் கண்டு ரக்கூன் ஓடிவிட்டால்? பச்சை இன்னும் பளிச்சென்று தெரியும், விலையும் அப்படி. மூன்றாவதாக அகச்சிவப்பு என்று ஒன்று இருக்கிறது, அது விலங்கின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்றான். அதுதான் எனக்குத் தேவையான சாமான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். கடை விலை கட்டாது என்பதால் பத்து இரவு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, ஒன்பது வகையைக் கொப்பியில் கோடு கீறி ஒப்பிட்டு, ஆகக் குறைந்த விலையில் ஆகக் கூடிய தூரம் போவதைத் தெரிவு செய்தேன். நான் நாட்டுச் செய்தி பார்க்கிறேன் என்று நினைத்து உங்கள் தங்கை ஒவ்வொரு இரவும் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். "என்னவாம்?" என்று கேட்பாள். "ஒண்டும் தெரியேல்லை" என்பேன். அதுவும் பொய்யில்லை.

சாமான் வந்தது. பூட்டினேன். அமத்தினேன். ஒன்றுமில்லை. பற்றரி மாற்றினேன், ஒன்றுமில்லை. விற்றவர்களுக்குப் போன் எடுத்து, வெளிச்சம் வரவில்லை என்றேன். அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையாக, "ஐயா, அது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது" என்றாள். "விலங்குக்குத் தெரியாது, சரி. எனக்கு?" என்றேன். "உங்களுக்கும் தெரியாது. பார்ப்பதற்கு இரவுப் பார்வைக் கண்ணாடி தனியாக வாங்க வேண்டும்" என்றாள். அதன் விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு தற்செயலாக ஒன்று கண்டுபிடித்தேன். பேத்தியைப் படம் எடுக்க அஜந்தா வாங்கிய டிஜிற்றல் கமெராவின் திரையில் பார்த்தால் சுவரில் அந்தப் புள்ளி வெள்ளையாகத் தெரிந்தது! கொத்தமல்லிக் கட்டில் வருகிற றப்பர் பாண்ட் நான்கைச் சேர்த்து, கமெராவைத் துவக்கில் கட்டினேன். சிரிக்க வேண்டாம். அந்த நேரம் எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

புதன் இரவு பதினொரு மணி. எல்லோரும் படுத்தபின் மேல் பல்கனியில் விளக்கை நூர்த்துவிட்டு, துவக்கைக் கம்பியில் சாய்த்து, திரையைப் பார்த்தபடி இருந்தேன். சோளத்தில் சரசரப்புக் கேட்டது. திரையில் எல்லாம் ஒரே கறுப்பு, அதில் என் வெள்ளைப் புள்ளி மட்டும் வேலியில் ஊர்ந்தது. அப்பால் மங்கலாக ஏதோ உருண்டையாக, அசையாமல் குந்தியிருந்தது. புள்ளியை மெல்ல அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த அந்தக் கைகளை நினைத்தேன். மூச்சைப் பிடித்தேன். விரலை வைத்தேன்.

ரக்கூன் இருமியது.

சிகரெட் குடிக்கிற மனிசர் இருமுகிற இருமல். விரல் அப்படியே விறைத்துப் போனது. மச்சான், அது வேலிக்கு அப்பால் தன் வளவில் கதிரை போட்டிருந்த பக்கத்து வீட்டு மிசியே பெலாஞ்சேயின் வழுக்கைத் தலை. இன்னும் ஒரு கணம் இருமல் பிந்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எங்கிருந்து எழுதியிருப்பேன் என்று தெரியாது.

எனக்குத் தெரியாத இன்னொரு விஷயம், களவுக்குப் பயந்து அந்த மனிசன் பின்கதவில் கமெரா பூட்டியிருந்தார். அந்தக் கமெராவுக்கு என் லேசர் நன்றாகத் தெரியுமாம். உள்ளே ரீவியில் பார்த்த அவருடைய மதாம், ஒரு வெள்ளைப் புள்ளி வேலியால் ஏறி, தோட்டத்தால் நடந்து, புருஷனின் தலையில் வந்து நின்றதைக் கண்டு பொலிசுக்குப் போன் அடித்துவிட்டா. பொலிஸ் ஸ்ரேசன் அடுத்த தெரு. நான் விறைத்தபடி நிற்கையில் கீழே இரண்டு ரோச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. பிரெஞ்சில் கத்தினார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி, அதற்குமேல் மெற்றோவில் கேட்கிற அறிவிப்பு. துவக்கைப் போடச் சொல்கிறார்கள் என்று விளங்கியது. ஆனால் கை திறக்கவில்லை. மூளை சொல்வது கைக்குக் கேட்கவில்லை.

அப்போது பின்னால் கதவு திறந்தது. உங்கள் தங்கை இரவுச் சட்டையோடு வந்தாள். எனக்குப் பக்கத்தில் இல்லை மச்சான், எனக்கு முன்னால் வந்து, அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். கீழே பார்த்து, வகுப்பில் படித்த பிரெஞ்சில், "மொன் மாரி! ரத்தோன்! ரத்தோன்!" என்று கத்தினாள். என்ரை புருஷன், ரக்கூன் என்று அர்த்தம். பிறகு திரும்பாமலே எனக்குச் சொன்னாள்:

"கீழை வையுங்கோ. மெல்ல. இப்ப கையைத் தூக்குங்கோ. நான் நிக்கிறன்."

வைத்தேன். தூக்கினேன். பொலிஸ் மேலே வந்து, றப்பர் பாண்டில் தொங்கிய கமெராவைக் கண்டு, இளையவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினான். மூத்தவன் சிரிக்கவில்லை. துவக்கை எடுத்து, ஒரு கடதாசி எழுதித் தந்து, ஊருக்குள் இனி இப்படி ஒன்று நடந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று இங்கிலிசில் சொன்னான். விடிய முதல்வேலையாகப் போய் மிசியே பெலாஞ்சேயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, தன் குப்பைவாளியையும் அதுதான் கவிழ்க்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஜெகதீஸ்வரி பெட்டி அடுக்குகிறாள். ஏச்சில்லை, அழுகையில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்டைக்குக் கோண்டாவிலிலை ஆமிக்காரங்கள் உங்களைச் சுவரோடை நிக்க வைச்சவங்கள். ரெண்டு மணித்தியாலம் நான் ரோட்டிலை நிண்டு பாத்தனான். இருவது வருசத்துக்குப் பிறகு இஞ்சையும் பாக்கச் சொல்லியோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"பிள்ளைக்காகத்தானே செய்தனான்."

"பிள்ளைக்குத் தாத்தா வேணும். வேட்டைக்காரன் வேண்டாம்."

அவ்வளவுதான். மச்சான், மூன்று பேரும் புஷ்பராணியின் காரில் ஏறிப் போனார்கள். வீட்டில் சத்தமே இல்லை. நான் நான்கு நாளாகப் பாணும் சம்பலும். துவக்கு இனி என் வாழ்நாளில் இல்லை, ரக்கூன் வேண்டுமானால் வந்து சோபாவில் இருக்கட்டும். நான் எடுத்தால் அவள் போனைத் தொடுவதில்லை. உங்கள் சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. தயவுசெய்து ஒருக்கால் பேசி, "வீட்டை போ" என்று சொல்லி அவளை அனுப்பி வையுங்கோ. மச்சாளுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு நான்கு தலைக்கும் நான்கு முத்தத்தையும் கொடுங்கள். எல்லோரும் நீடூழி இருக்க வேண்டும்.

இங்ஙனம்
தங்கள் மைத்துனர்
வ. உருத்திரமூர்த்தி

பி.கு: கடித உறையை ஒட்டும்போது வாசலில் கார்ச் சத்தம். ஜெகதீஸ்வரி தானாகவே வந்துவிட்டாள். நேற்றிரவு புரோசார்ட்டில், புஷ்பராணியின் புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு ரக்கூன் யன்னல் வலையைக் கிழித்துக் குசினிக்குள் வந்து பிள்ளையின் பால்மா ரின்னைத் திறந்து சாப்பிட்டதாம். மூன்று பெண்களும் பிள்ளையோடு குளியலறையைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை உள்ளே இருந்திருக்கிறார்கள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்தக் கண்ணுக்குத் தெரியாத சாமானையும் பொலிஸ் கொண்டு போட்டுதோ, இல்லாட்டி இருக்கோ?" என்று கேட்டாள். அதைக் கழற்றித் தந்துவிட்டுத்தான் போனார்கள், இருக்கிறது என்றேன். "நல்லது. சனிக்கிழமை புரோசார்ட்டுக்குப் போறம். புது துவக்கு ஒண்டு பாத்து வையுங்கோ. நீங்கள் கமெராவைப் பிடியுங்கோ, உங்களை நம்பேலாது, சுடுறது நான்." ஆகையால் மச்சான், மேலே "அனுப்பி வையுங்கோ" என்று எழுதிய இடத்தைத் தயவுசெய்து வெட்டிவிட்டு, "பிடித்து வையுங்கோ" என்று வாசிக்கவும். சனிக்கிழமைக்கு முதல் போன் எடுக்கவும்.