லூயிசுக்கு ஒரு பையன்

"உம் பையனுக்கு இன்னா வயசு?"

ஹென்றி உட்காரக்கூட இல்லை. அன்று காலைப் பூசையில்தான் ராயபுரம் கோயிலில் லூயிசுக்கும் அவர் மகள் ஐரீனுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை முடிந்தால் கல்யாணம். மாமனாருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரக் கிளம்பிய லூயிஸ், வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"எந்தப் பையன் மாமா?"

"மாமான்னு கூப்டாத. பூசை முடிஞ்சி பர்மா பஜாருக்கு பிளேடு வாங்கப் போனேன். என் மாப்ள லூயிசு ஹார்பர்ல கிரேன் ஓட்றாருன்னு பெருமையா சொன்னேன். 'லூயிசு அண்ணனா? அவரு பையனுக்குப் பொம்மன்னா உசுராச்சே'ன்றான் கடைக்கார ரஷீது!"

லூயிசுக்கு வயது முப்பத்திரண்டு. ஐந்து டன் பெட்டியைப் பூப்போல இறக்கிவைப்பவன் என்று துறைமுகத்தில் பெயர். பீடி கிடையாது, சாராயம் கிடையாது. பொம்மை மட்டும் உண்டு. முகமூடி போட்டு, முதுகில் துணி பறக்க, உலகத்தைக் காப்பாற்றுகிற சீமை வீரர்கள். கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்பதை ரஷீது அவனுக்கென்று எடுத்துவைப்பான். மீசை வைத்த ஆள் தனக்கு என்று எப்படிக் கேட்பது? முதல் நாள் வெட்கத்தில் 'பையனுக்கு' என்று சொல்லிவிட்டான். அப்புறம் ரஷீது பையனை விசாரிக்காமல் விட்டதில்லை. மூன்று வருஷத்தில் அந்தப் பையனுக்கு அம்மை போட்டு இறங்கியது, கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் கணக்குதான் கொஞ்சம் மந்தம்.

அடுப்படியிலிருந்து அம்மா சிலுவையம்மாள் ஓடிவந்தாள். "பாவி! பேரன வெச்சிகினு எங்கண்ணுல காட்டலியேடா! யாரு ஜாடைடா அவன்?"

"ஐயோ, சும்மா இரும்மா! மாமா, அது கூட வேல செய்ற பக்ருதீனோட பையன்."

"பக்ருதீனு எங்க எதிர்த்த வூடு. நாலும் பொண்ணுங்க."

"அநாத ஆசிரமத்துப் புள்ளைங்களுக்கு வாங்கிக் குடுத்தேன் மாமா."

ஹென்றியின் முகம் இளகியது. "அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? எந்த ஆசிரமம்? வா, இப்பவே போய் அந்தப் புள்ளைங்களப் பாப்போம். கல்யாணச் சாப்பாட்டுக்கும் கூப்டலாம்."

அவசரத்துக்கு ஓர் ஆசிரமத்தின் பெயர்கூட லூயிசின் வாயில் வரவில்லை. இனி உண்மைதான் வழி என்று கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தான்.

முப்பத்தேழு பேர் பழைய வேட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். "இவன் பச்ச மூஞ்சி மாமா. இவன் ஒத்தக் காலன், கப்பல்லயே ஒரு காலு போச்சு. இவன் முறுக்குக் கையன், சாவி குடுத்தா குத்துவான்." சாவி கொடுத்தும் காட்டினான். முறுக்குக் கையன் குத்த, தன்னை மறந்து லூயிஸ் வாயால் 'டிஷ்யூம்' என்றான்.

"இத்தையெல்லாம் நீயா வெச்சிகினு வெளயாடற?"

"ஆமா மாமா. லீவு நாள்ல."

"புள்ளைய மறைக்க உனுக்கு வேற பொய்யே கெடைக்கலியா?"

"சாமானு பூரா இங்க கீது," என்று மூக்கைச் சிந்தினாள் சிலுவையம்மாள். "கொயந்த எங்கடா?"

ரஷீதையே நேரில் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஐரீனும் தன் காதால் கேட்கட்டும் என்றார் ஹென்றி. ஐரீன் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்ட். "எனக்குத் தலவலி, நான் வரலப்பா," என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

ராயபுரத்தில் ரயில் ஏறினார்கள். எதிர் சீட்டில் ஐரீன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று அவள் சிரித்தது லூயிசுக்கு ஞாபகம் வந்தது. முப்பத்தேழு பேரையும் கடலில் போட்டாலும் போடலாம், இவளை விடக்கூடாது என்று நினைத்தான். ஒத்தக் காலனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தான். வேண்டாம், அவனும் போகட்டும்.

"சத்தியமா எனக்குப் பையன் இல்லீங்க," என்றான் மெதுவாக.

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி பஜாருக்கு வந்தார்கள். ஐரீன் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். லூயிஸ் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"ரஷீது பாய், நெசத்தச் சொல்லு. எனக்குப் பையன் கீறானா?"

ரஷீது பெரியவரின் முறைப்பைப் பார்த்தான். லூயிசின் வேர்வையைப் பார்த்தான். விஷயம் பூராவும் புரிந்துவிட்டதாக நினைத்து, நண்பனுக்காக நெஞ்சை நிமிர்த்தினான்.

"பையனா? இவருக்கா? ஏது பையன்? நான் இவரப் பாத்ததே கெடையாதே!"

லூயிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"போதும்டா சாமி!" என்றார் ஹென்றி. "ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்லிட்றேன். கண்ணு, நீ வா, வூட்டுக்குப் போலாம்." மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் முந்தானை நழுவியது.

ரஷீதின் முகம் மலர்ந்தது.

"அட, டைப்பிஸ்ட் அக்கா! இன்னா ஒரு மாசமா ஆளயே காணோம்? உம் பையன் கேட்டுகினு இருந்தானே, ரெக்க வெச்ச ஆளு, வந்துகீது, எடுத்துனு போ!"